வெர்னா கோஸ்கி சொன்ன ஒரு வார்த்தை

வெர்னா கோஸ்கியின் குரலை அமெரிக்காவில் எத்தனையோ ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அவளைத் தெரிந்தவர்கள் என்று பார்த்தால், எல்லோரையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துவிடலாம். நாற்காலி மிஞ்சும்.

மக்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து வீட்டு போன் அடிக்கும். எடுத்தால், "ஒரு கருத்துக்கணிப்புக்காகப் பேசறேன், எதையும் விக்கறதுக்கு இல்லை" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அதுதான் வெர்னா. பாதிப் பேர் "கருத்து" என்பதற்குள் வைத்துவிடுவார்கள். மீதியில் பாதிப் பேர் திட்டிவிட்டு வைப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் பேசுவார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே தனியாக இருப்பவர்கள். கேள்வி பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால், "அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள்.

வேலை எளிது, விதிகள்தான் கடினம். கேள்வியை எழுதியிருப்பதுபோலவே படிக்க வேண்டும். "அப்படியா" சொல்லக் கூடாது. "அடடா" கூடாது. சிரிக்கக் கூடாது. ஒரு கிழவர், தன் மகன் போதையில் செத்துப்போனான், அதனால்தான் இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிறேன் என்றால், "நன்றி, அடுத்த கேள்வி" என்று மட்டும் சொல்ல வேண்டும். கேள்வியில் வரும் சொல்லுக்கு யாராவது அர்த்தம் கேட்டால் விளக்கக் கூடாது. அதற்கென்று ஒரே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்: "உங்களுக்கு அது எப்படித் தோணுதோ, அப்படியே எடுத்துக்கோங்க."

வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் வெர்னாவின் வாயில் நிரந்தரமாகக் குடிபுகுந்துவிட்டது. ஒருமுறை லூத்தரன் சர்ச்சில் புதுக் கம்பளத்துக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் இரண்டு துண்டுகளைத் தூக்கிக் காட்டி, "வெர்னா, நீங்க சொல்லுங்க, பச்சையா, பழுப்பா?" என்றார். "உங்களுக்கு எப்படித் தோணுதோ, அப்படியே எடுத்துக்கோங்க" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. அவள் வேடிக்கையாகச் சொன்னதாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவளுக்கு எந்த நிறமும் தோன்றியிருக்கவில்லை. தோன்றுகிற இடத்தை அவள் எப்போதோ பூட்டிவிட்டிருந்தாள்.

ஊர் ஹார்லோ பே. மினசோட்டாவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியின் கரையில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். அப்பா தாதுத் துறைமுகத்தில் வேலை பார்த்தார், கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றுகிற வேலை. அம்மா சீக்கிரம் போய்விட்டாள். வெர்னா பள்ளி முடித்ததும் ஆஸ்பத்திரியில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாள். கல்யாணம் என்று ஒன்று ஒருமுறை அவள் பக்கத்தில் வந்து நின்றது. அப்பாவின் நோய்பிடித்த நுரையீரலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. அப்பா போனபின் ஆஸ்பத்திரியில் டெலிபோனுக்கும் எந்திரம் வந்தது. கருத்துக்கணிப்புக் கம்பெனிக்காரர்கள் ஊருக்கு வந்து, மூடிக்கிடந்த மரச்சாமான் கடையை வாடகைக்கு எடுத்து, ஐம்பது மேஜை போட்டார்கள். இந்தப் பக்கத்து மக்களுக்கு அவசரமில்லாத, யாரையும் குத்தாத பேச்சு என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வெர்னா முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டது உண்மை. அந்த ஏரிக்கரையில் யாரும் யாரையும் முகத்துக்கு நேராகக் குறை சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுட்டுக் கொண்டுவந்த கேசரோல் என்கிற பண்டம் வாயில் வைக்க முடியாமல் இருந்தால், மென்று விழுங்கிவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். மணப்பெண்ணின் உடை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தால், "வித்தியாசமா இருக்கு." புது மருமகன் சர்ச்சுக்கே வரமாட்டேன் என்று சொன்னால், சற்று இடைவெளி விட்டு, "ம்... வித்தியாசமான பையன்." அதற்கு மேல் திட்ட அங்கே சொல் கிடையாது. அதுவே கடைசிப் படி. அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தூங்கமாட்டார்.

வெர்னாவுக்கு ஒரு சிநேகிதி உண்டு. மார்லிஸ் ஓஸ்ட்பி. பள்ளியில் ஒன்றாகப் படித்தவள், பிறகு அதே பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகி ஓய்வு பெற்றவள். இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும்படி சிரிப்பாள். ஏரித் தண்ணீரில் மே மாதமே குதிப்பாள். கணவனை விட்டுப் பிரிந்தவள், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

வெர்னாவின் அப்பா வீட்டின் அடித்தளத்தில் தேவதாரு மரத்தில் சவ்னா என்கிற நீராவிக் குளியலறை ஒன்று கட்டிவைத்துப் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வெர்னா அடுப்பை மூட்டுவாள். மார்லிஸ் வருவாள். இரண்டு பேரும் துண்டைச் சுற்றிக்கொண்டு மேல் பலகையில் உட்கார்ந்து, காய்ந்த கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் வேர்த்துக் கொட்டியபடி பேசுவார்கள். பேசுவது மார்லிஸ்தான். அப்புறம் மேலே சமையலறையில் காபி, ரொட்டி, பதப்படுத்திய மீன். வாரத்தில் யாராவது வெர்னாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிற நேரம் அது ஒன்றுதான். வாரம் முழுவதும் அவள் அந்த ஒரு தட்டலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு சனிக்கிழமை ஆவிக்கு நடுவில் மார்லிஸ் சொன்னாள்:

"நான் நிக்கப் போறேன்டி."

"எதுல?"

"மாநில செனட்டுக்கு. நம்ம தொகுதிக்கு."

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "கான்ராட் லூமாவுக்கு எதிராவா?"

"ஆமா. நல்ல மனுஷன்தான், தெரியும். ஆனா பிரசவ வார்டை மூடப்போறாங்க, அவர் வாயே திறக்கலை. இனிமே இங்க ஒருத்திக்கு வலி எடுத்தா டுலூத் வரைக்கும் பனியில வண்டி ஓட்டணும். வழியிலேயே பொறந்துடும். நீயே சொல்லு."

வெர்னா அவளுக்கு வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொல்லப் போனாள். மார்லிஸ் ஈரத் துண்டால் அவளை அடித்தாள். "அதைச் சொன்னே, வெளியில பனியில தள்ளிக் கதவைச் சாத்திடுவேன்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் மெலிய ஆரம்பித்தன. முதலில் மார்லிஸ் தாமதமாக வந்தாள். பிறகு வராமல் போன் செய்தாள். பிறகு போனும் இல்லை. கோடை போய், செப்டம்பரில் இலைகள் பழுத்தன. வெர்னா அடுப்பை மூட்டுவதை நிறுத்தவில்லை. தனியாக மேல் பலகையில் உட்கார்ந்து, படிக்கட்டில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்திருப்பாள். சூடு அடங்கியதும் காபியை ஒரு கோப்பையில் ஊற்றுவாள்.

அந்த மாதம்தான் ஒரு புதுக் கணிப்பு வந்தது. வழக்கமாக அவர்கள் அரிசோனாவுக்கும் ஒஹையோவுக்கும் போன் போடுவார்கள். இந்த முறை திரையில் வந்த எண்கள் சொந்தத் தொகுதி எண்கள். முதல் பக்கத்திலேயே இரண்டு பெயர்கள்: கான்ராட் லூமா, மார்லிஸ் ஓஸ்ட்பி.

வெர்னா கையைத் தூக்கினாள். மேற்பார்வையாளர் டானெல் வந்து நின்றாள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி கடித்த கேரட்.

"எனக்கு இவங்களைத் தெரியும்" என்றாள் வெர்னா.

"இங்க யாருக்குத்தான் தெரியாது? லூமா எங்க சித்தப்பாவோட மீன் பிடிக்கிறவர். அப்படிப் பார்த்தா நான் இன்னிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும். போன்ல பேசறவங்களைத் தெரிஞ்சாதான் தப்பு. படிங்க."

"யார் கேக்கச் சொன்னது?"

"அது நமக்குச் சொல்ல மாட்டாங்கன்னு தெரியாதா?"

தெரியும். யார் பணம் கொடுத்துக் கேட்கச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்தால் குரலில் சாய்வு வந்துவிடும். அதனால் இரண்டு பக்கத்தையும் பற்றிக் கெட்ட கேள்விகள் இருந்தன. மார்லிஸ் ஒரு காலத்தில் ஆசிரியர் சங்கத்தில் போராட்டம் நடத்தி இரண்டு வாரம் பள்ளி மூடிக் கிடந்தது பற்றி ஒரு கேள்வி. தன் ஒரே சிநேகிதியைப் பற்றிய அந்தக் கேள்வியை வெர்னா வானிலை அறிக்கைபோலப் படித்தாள். அடுத்தது லூமாவைப் பற்றியது:

"கான்ராட் லூமா போன கூட்டத்தொடரில் மூன்றில் ஒரு பங்கு வாக்கெடுப்புக்கு வரவில்லை, ஆனால் முழுச் சம்பளம் வாங்கினார் என்று உங்களுக்குத் தெரிந்தால், அவருக்கு நீங்கள் ஓட்டுப் போடும் வாய்ப்பு கூடுமா, குறையுமா, வித்தியாசம் ஒன்றும் இருக்காதா?"

ஒவ்வொரு எழுத்தும் உண்மை. லூமா அந்த வசந்த காலம் முழுக்க ராச்செஸ்டரில், பெரிய ஆஸ்பத்திரியில், மனைவி ஐரீன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மே மாதம் ஐரீன் போய்விட்டாள். ஊரில் பாதி வீடுகளிலிருந்து லூமாவின் வாசலுக்குக் கேசரோல் போயிற்று. மார்லிஸும் ஒன்று செய்தாள். அதைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனவள் வெர்னா.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர் ஒரு வயதான ஆள். பின்னால் ஹாக்கி ஆட்டம் ஓடுகிற சத்தம். கேள்வி முடிந்ததும் அவர் ஆட்டத்தின் ஒலியைக் குறைத்தார்.

"ம்... அது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே."

வெர்னாவுக்குப் புரிந்தது. அவர் லூமாவைச் சொல்லவில்லை. கேள்வியைச் சொல்கிறார். ஆனால் திரையில் மூன்று பெட்டிகள்தான் இருந்தன.

"வாய்ப்பு கூடும்னு எடுத்துக்கவா, குறையும்னு எடுத்துக்கவா, வித்தியாசம் இருக்காதுன்னு எடுத்துக்கவா?"

"வித்தியாசம் இருக்காதுன்னு எப்படிச் சொல்றது? இருக்குன்னுதானே சொன்னேன்."

"அப்ப கூடுமா, குறையுமா?"

நீண்ட மூச்சு. "கூடாது. குறையும்னே போட்டுக்கோம்மா."

போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை அப்படி எத்தனையோ பேர். சிலர் நிஜமாகவே கோபப்பட்டார்கள்: "முழுச் சம்பளமா? நான் ஒரு நாள் போகலைன்னா என்னை விடுவானா?" சிலர் வித்தியாசமாக இருக்கிறது என்றார்கள், பிறகு குறையும் என்றார்கள். ஒரு அம்மாள் மட்டும் விடவில்லை.

"ஏம்மா, அவர் பொண்டாட்டி சாகக் கிடந்தாளே, அது அந்தக் கேள்வியில இருக்கா?"

"கேள்வியை மறுபடி படிக்கட்டுமா, மேடம்?"

"படிக்க வேணாம். நீ இந்த ஊரா? உன் குரல் இந்த ஊர்க் குரலா இருக்கு."

விதியில் அதற்கு வாக்கியம் இல்லை.

"இந்த ஊரா இருந்துக்கிட்டா இதைக் கேக்கறே?" என்றாள் அந்த அம்மாள். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிய குரல். பிறகு போனை வைத்துவிட்டாள். வெர்னா 'பாதியில் மறுப்பு' என்ற பெட்டியை அழுத்தினாள். டானெல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு காதில் மாட்டிய கருவியோடு வந்தாள். "வெர்னா, அங்க ஒரு பெருமூச்சு விட்டீங்க. பெருமூச்சும் கருத்துதான்."

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, வெர்னா கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. மார்லிஸ். மெலிந்திருந்தாள், தலைமுடியை யாரோ ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தார்கள். "இன்னும் மூட்டறியாடி? நான் வராட்டியுமா?" என்றாள். வெர்னா நகர்ந்து இடம் விட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அது எப்போதும் வராததுதான் என்பதால் மார்லிஸ் கவனிக்கவில்லை.

காபி நேரத்தில் மார்லிஸ் போனை எடுத்து ரொட்டிக்கூடையில் சாய்த்து வைத்தாள். "ஒண்ணு காட்டறேன். செயின்ட் பால் தலைநகர்ல இருந்து பிராட்னு ஒருத்தரை அனுப்பியிருக்காங்கல்ல, கட்சி ஆளு, அவர் எடுத்தது. இன்னும் டிவியில போகலை. திங்கக்கிழமை நான் சரின்னு சொன்னாத்தான் போகும்."

அரை நிமிடம். காலி நாற்காலி ஒன்று. செனட்டில் இருப்பதுபோன்ற தோல் நாற்காலி. அதைச் சுற்றிக் கேமரா மெதுவாக நகர்கிறது. ஒரு ஆண்குரல், நெருக்கமாக, வருத்தப்படுவதுபோல: "கான்ராட் லூமா போன கூட்டத்தொடரில் மூன்றில் ஒரு பங்கு வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஆனால் முழுச் சம்பளம் வாங்கினார்." பிறகு வெறுமையான பிரசவ வார்டு. பிறகு மறுபடி நாற்காலி. "நமக்காக வராதவருக்கு நாம் ஏன் வர வேண்டும்?"

தான் நூறு வீடுகளில் படித்த வாக்கியத்தை வெர்னா அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு சொல் மாறவில்லை. தன்னைக் கேட்க வைத்தவள் எதிரில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"பரிசோதிச்சுப் பார்த்தாங்களாம்" என்றாள் மார்லிஸ். "வேற எதுவும் இவ்வளவு எடுபடலையாம். பிராட் சொல்றார், இது இல்லாட்டித் தோத்துடுவோம்னு. தோத்தா வார்டு போச்சு." தடவுவதை நிறுத்தினாள். "ஐரீன் விஷயம் நினைச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஆனா பொய் ஒண்ணும் இல்லையே இதுல. இருக்கா? நீ பார்த்தே. என்ன நினைக்கறே?"

அவள் உண்மையாகவே கேட்டாள். வெர்னாவின் வாழ்க்கையில் அப்படி யாரும் கேட்டதில்லை. கேட்பது எப்போதும் அவள்தான்.

சொல்வதற்கு இருந்தது. ஆட்டத்தின் ஒலியைக் குறைத்த கிழவர் இருந்தார், இந்த ஊரா என்று கேட்ட அம்மாள் இருந்தாள். அவர்களைப் பற்றிச் சொன்னால் வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். அது பெரிதில்லை. மார்லிஸின் முகம் மூடிக்கொள்ளும் என்பதுதான் பெரிது. ஏழு சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வந்திருக்கிறாள். தன்னைச் சின்னவளாக்கிவிட்ட வீட்டுக்கு யார் திரும்ப வருவார்கள்?

வெர்னா கோப்பையைக் கீழே வைத்தாள். தனக்குத் தெரிந்த மிகக் கடுமையான சொல்லைத் தேர்ந்தெடுத்தாள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சற்று இடைவெளிகூட விட்டாள்.

"ம்... வித்தியாசமா இருக்கு."

மார்லிஸின் முகம் மலர்ந்தது. "அதான்! பிராட்டும் அதையேதான் சொன்னார்! இந்தப் பக்கம் யாரும் இப்படி எடுத்ததே இல்லையாம், எல்லாத்துலயும் கொடியும் நாய்க்குட்டியும்தானாம். இது வித்தியாசமா நிக்குமாம்." கையை நீட்டி வெர்னாவின் கையை அழுத்தினாள். "நீ ஒண்ணு நல்லா இருக்குன்னு சொல்றது சும்மாவா? எனக்கு இப்பத்தான் மூச்சு வருது."

அந்த அழுத்தத்தில் வெர்னாவின் கை சூடாக இருந்தது. அப்படி இல்லை மார்லிஸ் என்று சொல்ல அப்போது ஒரு நொடி இருந்தது. இன்னொரு நொடியும் இருந்தது. பிறகு மார்லிஸ் மீன் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாற்காலி விளம்பரம் அடுத்த வாரம் வந்தது. செய்திக்கு நடுவில், ஹாக்கிக்கு நடுவில், சமையல் நிகழ்ச்சிக்கு நடுவில், போனைத் திறந்தால் போனில். ஹார்லோ பேயில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மளிகைக் கடையில் கறி வாங்க நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

"அந்த விளம்பரம் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வித்தியாசமா இருக்கு."

"இருக்கு, இருக்கு."

அந்த நேரம் லூமாவே கடைக்குள் வந்தார். ஒரே ஒரு பன்றிக்கறித் துண்டு வாங்கினார். வரிசையில் எல்லோரும் அவரை முன்னால் விட்டார்கள். "எப்படி இருக்கீங்க, கான்ராட்?" "பரவாயில்லை, பரவாயில்லை." கதவைக்கூட ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையின் கடைசியில் நின்ற வெர்னா முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் இருக்க அது ஒரு வழி.

ஊர் அவர் பக்கம் வந்துவிடும் என்று அன்று அவள் நினைத்தாள். விளம்பரம் எடுத்தவர்கள் தோற்பார்கள், மார்லிஸ் அழுதுகொண்டு சனிக்கிழமை வருவாள், ஒரு பானை காபி போட்டால் போதும். அப்படி ஆகியிருந்தால் வெர்னா வாயைத் திறக்கவே வேண்டியிருந்திருக்காது.

நவம்பரில் ஊர் வரிசையில் லூமாவை முன்னால் விட்டது. ஓட்டில் மட்டும் முன்னால் விடவில்லை. கேள்விக்கு முகம் சுளித்தவர்கள், கடைசியில் வாய்ப்பு குறையும் என்று சொன்னபடியே செய்தார்கள். காலி நாற்காலி எப்படியோ மனதில் உட்கார்ந்துவிட்டது. யார் உட்கார வைத்தது என்பது மறந்துபோயிற்று. மார்லிஸ் நானூறு சொச்சம் ஓட்டில் ஜெயித்தாள். லூமா போன் செய்து வாழ்த்தினார். அவ்வளவு மரியாதையாக வாழ்த்தினார் என்று மார்லிஸ் டிவியில் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஊர் அதையும் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். கையில் எலுமிச்சை பிஸ்கட் தட்டு. சவ்னாவில் மேல் பலகையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜனவரியிலேருந்து செயின்ட் பால். ஆனா சனிக்கிழமை இங்கதான்டி, முதல்லயே பிராட்கிட்டச் சொல்லிட்டேன். பனி கொட்டினாலும் வருவேன்."

வெர்னா ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். கல் சீறியது.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" மார்லிஸ் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அன்னிக்குக் காட்டினேனே, அதுக்கு முன்னால நான் வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன். ஐரீனை நினைச்சுத் தூக்கமே இல்லை. திங்கக்கிழமை மாட்டேன்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். தோத்தாலும் போகட்டும்னு. நீ சொன்னதுக்கப்புறம்தான் தைரியம் வந்தது. வெர்னாவே நல்லாருக்குன்னுட்டா, அப்ப தப்பில்லைன்னு. இந்த ஜெயிப்பு உன்னோடதும்தான்."

பேசாமல் இருந்தால் சனிக்கிழமைகள் இருக்கும். பனி கொட்டினாலும் இருக்கும். மார்லிஸ் தன் மனசுக்குள் இந்த ஜெயிப்பின் பாதியை அவள் பெயரில் எழுதிவைத்துக்கொண்டு, வாராவாரம் வந்து இந்தப் பலகையில் உட்காருவாள். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு நன்றி சொல்லாத குறையாகச் சிரிப்பாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் வெர்னா.

"என்ன?"

"அன்னிக்கு. மேல சமையலறையில. வேண்டாம்னுதான் சொன்னேன்."

"எங்கடி சொன்னே? வித்தியாசமா இருக்குன்னு..." மார்லிஸ் நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள்.

கல் மட்டும் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

"நீயும் இந்த ஊர்க்காரிதானே" என்றாள் வெர்னா.

மார்லிஸ் எழுந்து கீழ்ப் பலகைக்கு வந்து உட்கார்ந்தாள். பிறகு பேசியபோது வகுப்பறைக் குரல் வந்தது. "இதைப் போடாதேன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டு வார்த்தை. ஏன் சொல்லலை?"

"போன்ல நான்தான் அதைக் கேட்டேன், மார்லிஸ். உன் கேள்வின்னு தெரியாம. ஜனங்க என்ன மாதிரிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்."

"அப்பவும் ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வரமாட்டியோன்னு பயந்தேன்."

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்காகவா? இந்தச் சனிக்கிழமைக்காகவா?"

"ஆமா. எனக்கு வேற கிழமை இல்லையே."

மார்லிஸ் கீழே பார்த்தாள். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்தே பேசினாள். "எனக்கும் புரிஞ்சிருக்கும்டி. எங்க அம்மா அதைச் சொன்னா நான் நடுங்குவேன். புரிஞ்சிருக்கும். வேற மாதிரிக் காதுல விழணும்னு எனக்குத் தேவைப்பட்டது, அப்படியே கேட்டுக்கிட்டேன்." பிறகு, "அது இன்னும் மோசம், இல்லே?" என்றாள்.

வெர்னா "ஆமா" என்றாள். வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை.

மேலே காபி இறக்கி வைத்திருந்தது. மார்லிஸ் ஈரத் தலையோடு கோட்டை மாட்டிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்புவது லேசில் முடிகிற காரியமில்லை. மேஜையிலிருந்து எழுந்து ஒரு பேச்சு, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பேச்சு, வாசற்படியில் ஒரு பேச்சு, காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி ஒரு பேச்சு என்று அரைமணி நேரம் போகும். வெர்னாவும் அதற்காகவே பூட்ஸ் போட்டு, அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

மார்லிஸ் கதவில் நிற்கவில்லை. படியில் நிற்கவில்லை. நேராக நடந்து காரில் ஏறினாள். கண்ணாடி மூடியே இருந்தது. உள்ளே அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வெர்னா படியில் நின்று அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். பனி பொடியாக விழத் தொடங்கியிருந்தது. விளக்கு எரிந்தது, வண்டி பின்வாங்கியது, தெருவில் திரும்பியது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கூவியது. வெர்னா உள்ளே போகவில்லை. அரைமணி நேரத்துக்கென்று உடுத்தி வந்திருந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வழக்கமாக அந்த நேரம் முடியும்வரை படியிலேயே நின்றாள்.